அறிந்தும் அசையாதது ஏன்?

ஆண்டுதோறும் ஜூன் மாதம் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1972ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய மாநாட்டின் நினைவாக இந்நாள் ஏற்பட்டது. அம்மாநாட்டில் அன்றைய நம் பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரும் உரையாற்றினார். அதன் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளாக மேடைப் பேச்சுகளிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் ஒரே முடிவுரைதான் காணப்படுகிறது. “மக்களிடம் விழிப்புணர்வு இல்லை, விழிப்புணர்வு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்பதே அது. பேச்சுப் போட்டிகளுக்காக நாங்கள் மனப்பாடம் செய்யும் வரியும் இதுவே.

இவ்வரி உண்மைதானா என்று நாங்கள் சிந்தித்துப் பார்க்க விரும்புகிறோம். தொலைவில் உள்ள பனிமலைகளையும் கடல்களையும் பற்றி எழுதினால் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும். நாங்களோ பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். எங்கள் ஆற்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டு எங்கள் கருத்தைக் கூறுகிறோம். தெரியாத காரணத்தால் மக்கள் தாமதிப்பதில்லை. தாமதத்தின் விலையை வேறொருவர் கட்டிக்கொண்டிருக்கும் வரை யாருக்கும் அவசரம் பிறப்பதில்லை. இதுவே எங்கள் கருத்து.

பாலாறு கர்நாடக மாநிலத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் வழியே தமிழகத்தில் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் ஆகிய ஊர்ப் பகுதிகளைக் கடந்து கல்பாக்கத்துக்கு அருகே கடலில் கலக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி ஆற்றில் நீர் ஓடுவதில்லை. ஆயினும் மணலுக்கடியில் ஊறும் நீரே இருகரைக் கிணறுகளுக்கும் உயிராக இருந்து வந்தது. நெல், கரும்பு, தென்னை எல்லாம் அந்த ஊற்றை நம்பியே விளைந்தன.

இந்த ஆற்றங்கரையில்தான் தோல் பதனிடும் தொழிலும் வளர்ந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் இவ்வாலைகளை ‘டேனரி’ என்பார்கள். பச்சைத் தோல் அழுகாமலிருக்க முதலில் உப்பிட்டு வைப்பார்கள். பிறகு ஊறவைத்து உப்பை நீக்கி, சுண்ணாம்பிட்டு முடியை அகற்றி, அதன் பின் பதனிடுவார்கள். முன்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிட்டனர். பின்னர் குரோமிய உப்புகளின் உபயோகம் பெருகியது. வேலை விரைவாக முடிந்தது. மென்மையான தோலும் கிடைத்தது. ஆனால் குரோமியம் கலந்த நீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் அது மண்ணுக்கும் உயிருக்கும் நஞ்சாகும். தோலை ஊறவைத்த உப்பு நீரோ சாதாரணச் சுத்திகரிப்பினால் தூய்மையாகிவிடாது. தண்ணீரில் கரைந்த உப்பை வடிகட்டித் துணியால் பிரிக்க முடியுமா? அதற்கென்று தனி இயந்திரங்கள் வேண்டும். அவற்றை ஓட்ட மின்சாரமும் பணமும் வேண்டும். அவ்வாறு செய்யாமல் விடப்பட்ட நீர் நிலத்தில் இறங்கிக் கிணற்றுக்குள் சென்றது.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததா என்றால், இல்லை. 1974ஆம் ஆண்டிலேயே நீர் மாசுபடுவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. 1982ஆம் ஆண்டில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. ஆறு முதலிய நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் மாசு மிகுந்த தொழிற்சாலைகளைத் தொடங்கக் கூடாது என்று 1989ஆம் ஆண்டில் தமிழக அரசு ஆணையிட்டது. 1991ஆம் ஆண்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் என்னும் அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

அவ்வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கப்படும் தீர்ப்பு அது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தமிழகத்தின் ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட ஆலைகள் உள்ளன என்றும், ஒரு கணக்கெடுப்பின்படி சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்றும் அதில் கூறப்பட்டுள்ளது. 35,000 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 86,000 ஏக்கர் ஆகும். மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று நீதிபதிகள் உறுதியாகக் கூறினர். ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தனர்.

அதன் பின்னராவது ஆறு தூய்மையடைந்ததா? 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் தோல் ஆலைக் கழிவுகளைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்து, கழிவுச் சேற்றில் சிக்கித் தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தனர். 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க நேர்ந்தது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அதை வழங்க வேண்டும் என்றும், மேற்பார்வைக்காக ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் அதில் ஆணையிடப்பட்டது. முதல் வழக்குத் தொடுக்கப்பட்ட 1991இல் பிறந்த குழந்தைக்கு 2025இல் 34 வயது. அக்குழந்தையின் குழந்தை இன்று எங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம்.

சட்டம் இருந்தது, அரசாணை இருந்தது, தீர்ப்பு இருந்தது, செய்தித்தாள்கள் எழுதின. இதற்கு மேலும் விழிப்புணர்வு இல்லை என்று சொன்னால் அது பொருந்துமா? எனவே தாமதத்துக்கு வேறு காரணங்களைத் தேட வேண்டியிருக்கிறது. எங்களுக்குத் தோன்றுவன மூன்று.

முதலாவது காரணம் சோறு. இதை நாங்கள் ஏளனமாகச் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் பலருடைய தந்தையர் டேனரியில் உழைக்கிறார்கள். தாய்மார்கள் காலையில் வண்டியேறி ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். எங்கள் பள்ளிக் கட்டணமும் புத்தகமும் அந்தச் சம்பளத்தில் வருபவை. ஆலையை மூடு என்று சொல்வது எளிது. மூடினால் அடுத்த சனிக்கிழமைச் சம்பளம் நின்றுவிடும். மூடாவிட்டால் பத்தாண்டு கழித்துக் கிணறு கெடும். அடுத்த வாரத்துப் பசியையும் பத்தாண்டுக்குப் பிந்திய தாகத்தையும் ஒரே தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஏழைக் குடும்பத்தைப் பார்த்து, “உங்களுக்கு இயற்கையின் மீது அன்பு இல்லை” என்று குறை கூறுவது நியாயமாகாது. மாதச் சம்பளத்தைப் பறிக்காமல் ஆற்றைக் காக்கும் வழியைக் காட்டாதவர்கள் மீதுதான் குறை.

இரண்டாவது காரணம், தப்பித்துக்கொள்ள வழியிருப்பது. ஆற்று நீர் ஒரே நாளில் கெட்டிருந்தால் ஊரே திரண்டெழுந்திருக்கும். ஆனால் உப்பு ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக ஏறியது. முதலில் பருப்பு வேகவில்லை என்றார்கள். பிறகு சோப்பு நுரைக்கவில்லை என்றார்கள். அதன் பின் தென்னை காய்க்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் வசதியுள்ளவர்கள் ஒவ்வொரு வழியாக விலகிச் சென்றார்கள். 20 லிட்டர் கேன் தண்ணீர் வீட்டு வாசலுக்கே வந்தது. வீட்டில் சுத்திகரிப்புக் கருவி மாட்டினார்கள். மேட்டூர்ப் பக்கமிருந்து காவிரி நீரைக் குழாய்களில் எங்கள் ஊர்களுக்குக் கொண்டு வந்தார்கள். காவிரி நீர் வந்ததற்கு நாம் நன்றியுடையவர்களாக இருக்க வேண்டும். ஆயினும் நம் வீட்டுக் குழாயில் நல்ல நீர் வந்ததும் நம் ஆற்றை நாம் மறந்துவிட்டோம் என்பதும் உண்மையே. மாவட்ட ஆட்சியரைப் பார்க்கவும் மனு எழுதவும் நாலு பேரைக் கூட்டவும் வல்லவர்கள் யாரோ, அவர்கள் முதலில் தப்பித்துக்கொண்டார்கள். கிணற்றை விட்டு நகர முடியாத சிறு விவசாயி மட்டும் எஞ்சினார். அவருடைய குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?

மூன்றாவது காரணத்தை விளக்க, நாமெல்லாம் சிறு வயதில் கேட்ட கதையொன்று உதவும். ஓர் அரசன் ஊர் நடுவே பெரிய அண்டா ஒன்றை வைத்து, இரவில் வீட்டுக்கு ஒரு செம்பு பால் ஊற்ற வேண்டும் என்று கட்டளையிட்டானாம். ஊரே பால் ஊற்றும்போது நாம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்களாம். விடிந்து பார்த்தால் அண்டா நிறையத் தண்ணீர். எங்கள் ஆற்றின் கதையும் இதுவே. நூற்றுக்கணக்கான ஆலைகள் இருக்கும்போது, இந்த உப்பு இந்த ஆலையிலிருந்து வந்தது என்று யார் சுட்டிக்காட்டுவது? ஆலைகளோடு நிற்காமல் நகரத்துச் சாக்கடையும் கலக்கிறது. நாம் வீசும் குப்பையும் கலக்கிறது. ஒருவர் மட்டும் ஒழுங்காகச் செலவு செய்து சுத்திகரித்தால் அவருடைய தோலின் விலை கூடிவிடும். பக்கத்து ஆலைக்காரர் மலிவாக விற்பார். ஆகவே நல்ல மனமுள்ளவரும், “முதலில் மற்றவர் செய்யட்டும்” என்று காத்திருக்கிறார். பூனைக்கு மணி கட்டுவது யார் என்பதுதான் கேள்வி.

இம்மூன்றையும் கூட்டிப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒரு ஜோடி ஷூவின் விலையில் தோலின் விலை இருக்கிறது. தைத்தவரின் கூலி இருக்கிறது. கப்பல் கட்டணம் இருக்கிறது. கடைக்காரரின் லாபமும் இருக்கிறது. ஆற்றின் விலை மட்டும் இல்லை. அதைப் பாலாற்றங்கரை விவசாயி தன் கிணற்றைக் கொடுத்துக் கட்டுகிறார். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தாமதத்தால் நஷ்டமில்லை. நஷ்டமில்லாதவருக்கு அவசரம் எங்கிருந்து வரும்?

“மனித இயல்பே இதுதான், இதை மாற்ற முடியாது” என்று சிலர் கூறலாம். அதை நாங்கள் ஏற்கவில்லை. மனிதர்கள் விரைந்து செயல்பட்ட வரலாறும் உண்டு. குளிர்சாதனப் பெட்டிகளிலும் வாசனைத் தெளிப்பான்களிலும் பயன்பட்ட சில வாயுக்கள் வானத்திலுள்ள ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று 1974ஆம் ஆண்டில் மாரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் எச்சரித்தனர். 1985ஆம் ஆண்டில் அண்டார்டிகாவுக்கு மேலே அப்படலம் மிகவும் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கண்டு வெளியிட்டனர். இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் 16ஆம் நாள், கனடாவின் மாண்ட்ரீல் நகரில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்துகொண்டன. இன்று அப்படலம் மெல்ல மெல்லத் தேறி வருகிறது.

அங்கே மட்டும் வேகம் எப்படி வந்தது? அந்நாட்டு மக்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதாலா? இல்லை. தீய வாயுக்களுக்குப் பதிலாக வேறு வாயுக்களைச் செய்ய முடிந்தது. எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தேதி குறிக்கப்பட்டது. வளரும் நாடுகளின் செலவுக்கென்று 1990ஆம் ஆண்டில் ஒரு பொது நிதி ஏற்படுத்தப்பட்டது. நாடுகள் ஒரே உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டதால், “முதலில் அவன் செய்யட்டும்” என்று ஒருவரையொருவர் பார்த்து நிற்க வேண்டிய நிலை இல்லாமற் போயிற்று. மாற்று வழியும், குறித்த நாளும், பங்கிட்ட செலவும் சேர்ந்ததால் வேலை நடந்தது.

தேதி மட்டும் இருந்தால் போதாது என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். ஒரு முறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் நாள் தமிழகத்தில் தடை விதிக்கப்பட்டது. அந்த ஜனவரியில் கடைத்தெருவில் மந்தாரை இலையும் வாழை இலையும் துணிப்பையும் திரும்பி வந்தன. மக்கள் முணுமுணுத்தாலும் மாறிக்கொண்டார்கள். பின்னர்க் கண்காணிப்புத் தளர்ந்தது. பிளாஸ்டிக் பைகள் பின்வாசல் வழியாக மீண்டும் கடைக்குள் புகுந்தன. ஒரே நாளில் மாறக்கூடியவர்கள்தாம் நம் மக்கள் என்பதை அந்த ஜனவரி காட்டியது. பார்ப்பவர் இல்லாவிட்டால் பழைய வழக்கத்துக்கே திரும்புவார்கள் என்பதைப் பின்வந்த மாதங்கள் காட்டின.

பாலாற்றுக்கும் இதே நெறி பொருந்தும் என்பது எங்கள் துணிபு. மாற்று வழி இன்று இல்லாமலில்லை. பல ஆலைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எங்கள் பகுதியில் உள்ளன. கழிவு நீரிலிருந்து உப்பைப் பிரித்து நீரை மீண்டும் ஆலைக்கே அனுப்பும் இயந்திரங்களும் வந்துள்ளன. இவ்வளவு தூரம் முன்னேறியதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அவற்றை இரவும் பகலும் ஓட்டச் செலவாகிறது. பிரித்தெடுத்த உப்பைக் கொட்ட இடமின்றிக் குவித்து வைக்கும் தொல்லையும் உண்டு. அந்தச் செலவைச் சிறிய ஆலைக்காரர் ஒருவரின் தலையிலேயே சுமத்தினால், மழை நாளின் இருட்டில் வாய்க்காலைத் திறந்துவிடும் ஆசை யாருக்கும் வரத்தான் செய்யும். எனவே அரசும், அயல்நாட்டில் ஷூ விற்கும் பெரிய வணிகர்களும், வாங்குகிற நாமும் அச்செலவில் பங்கேற்க வேண்டும். ஷூவுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நாம் தயங்கினால், மீதியை விவசாயிதான் கொடுக்க வேண்டும்.

அடுத்து, கண்காணிப்பு. வாரியமும் குழுவும் எடுக்கும் கணக்குகள் கோப்புகளில் இருப்பதால் ஊருக்குப் பயனில்லை. ஒவ்வொரு சிற்றூரிலும் கிணற்று நீரின் பரிசோதனை முடிவை, ரேஷன் கடையில் இருப்புப் பலகை தொங்குவதுபோல, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் மாதந்தோறும் எழுதி வைக்க வேண்டும். தன் கிணற்றில் போன ஆண்டு எவ்வளவு உப்பு இருந்தது, இவ்வாண்டு எவ்வளவு என்று ஒருவர் கண்ணால் கண்டால், ‘சிறிது சிறிதாக’ என்னும் திரை விலகிவிடும். ஊர் பார்க்கிறது என்று தெரிந்தால் வாய்க்காலைத் திறக்கும் கையும் சற்று நடுங்கும்.

இதைப் பெரியவர்கள்தாம் தொடங்க வேண்டும் என்றில்லை. நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி பேனா அளவே இருக்கும், அதிக விலையுமில்லை. அதனால் குரோமியத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உப்பு ஏறுவதைக் கண்டுபிடிக்கலாம். குடிநீரில் கரைந்துள்ள பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. எங்கள் பள்ளிக்குப் பல ஊர்களிலிருந்தும் பல தெருக்களிலிருந்தும் மாணவிகள் வருகிறோம். மாதம் ஒரு முறை ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கிணற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ ஒரு சிறு குப்பியில் கொண்டு வந்தால், அறிவியல் ஆய்வுக்கூடத்திலேயே அளந்து ஒரே நோட்டில் எழுதி வைக்கலாம். நாங்கள் பள்ளியை விட்டுச் சென்ற பின் அடுத்த பத்தாம் வகுப்பு அந்த நோட்டைத் தொடரட்டும். அருட்சகோதரிகளும் அறிவியல் ஆசிரியைகளும் இதற்கு அனுமதியும் வழிகாட்டுதலும் தர வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபைகள் கூடுகின்றன. அங்கே வீட்டுமனைப் பட்டா, தெருவிளக்கு, சாலை எல்லாம் பேசப்படுகின்றன. எங்கள் நோட்டிலுள்ள எண்களையும் அங்கே எழுந்து நின்று படியுங்கள். டேனரியில் வேலை செய்யும் தந்தையும் படிக்கலாம். இது அவருடைய ஆலைக்கு எதிரான பேச்சன்று. ஆறு முற்றிலும் கெட்டு, நீதிமன்றம் ஒரு நாள் கதவுக்கு முத்திரை வைத்துவிட்டால், முதலில் வேலை இழப்பவரும் அவரே. ஆலை நிலைக்க வேண்டுமானாலும் ஆறு நிலைக்க வேண்டும்.

ஊர்வலம் போவதையும் பதாகை எழுதுவதையும் நாங்கள் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஊர்வலம் முடிந்து எல்லோரும் கேன் தண்ணீர் குடித்துவிட்டு வீடு திரும்பினால் அது விழாவாக முடியுமே தவிர வேலையாகாது. பத்தாம் வகுப்பு மாணவிகளால் ஆற்றைத் தூய்மை செய்ய முடியாது. ஆனால் தாமதத்தின் விலை என்ன, அதை எந்த ஊரில் எந்தக் கிணறு கட்டிக்கொண்டிருக்கிறது என்பதை எண்ணிச் சொல்ல முடியும். அந்த எண்கள் சுவரில் ஏறிவிட்டால், எங்களுக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. தெரிந்தும் சும்மா இருப்பவர் யார் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும்.